கடைக் கம்ப்யூட்டருக்கு எஸ்.எம்.பி.எஸ். தேர்ந்தெடுப்பதும் ஒயர்களை ஒழுங்காக வைப்பதும்

பேரேடும் நாளேடும் வைத்துக் கணக்கு எழுதிய காலத்தில் மின்சாரம் நின்றால் வியாபாரம் நிற்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பில் எழுதிச் சரக்கை அனுப்பினோம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும் 20-ஆம் தேதிக்குள் வரியையும் கம்ப்யூட்டர் மூலமாகத்தான் செலுத்தியாக வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், 2023 ஆகஸ்ட் 1 முதல், பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எண் பெறவேண்டும். இ-வே பில் தேவைப்படும் சரக்கு என்றால், அது கையில் வராமல் லாரி நகர முடியாது. ஆகவே கம்ப்யூட்டர் அரைநாள் படுத்துவிட்டால், சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும், கூலி ஏறும், வாடிக்கையாளர் வேறு கடை பார்ப்பார்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது நம்மில் பலரும் கேட்பது பிராசசர் என்ன, மெமரி எவ்வளவு என்பதுதான். அதற்கெல்லாம் சோறு போடும் எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கேட்பவர் குறைவு. கேபினெட்டுடன் இலவசமாக வருவதே போதும் என்று விட்டுவிடுகிறோம். நம் திருவொற்றியூர் போன்ற கடலோரத் தொழிற்பகுதியில் இது பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும். இதை வியாபாரி கண்ணோட்டத்தில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஸ்.எம்.பி.எஸ். செய்யும் வேலை

மின்வாரியம் நமக்குத் தருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டருக்கு உள்ளே வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி. மின்சாரம். இடையில் நின்று இந்த மாற்றத்தைச் செய்வது ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை எனப்படும் எஸ்.எம்.பி.எஸ். பழைய ரேடியோப் பெட்டிகளில் இருந்த கனமான டிரான்ஸ்பார்மர் போலல்லாமல், இது மின்சாரத்தை விநாடிக்குப் பல பதினாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதனால் சிறிய டிரான்ஸ்பார்மரே போதுமானதாகிறது, பெட்டியும் சிறிதாகிறது.

1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ். அந்த அளவில்தான் வருகின்றன. இந்த முறையில் கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும், சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை உள்ளே ஒரு 5 வோல்ட் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே இரவு கடை கட்டும்போது சுவர் ஸ்விட்சையும் நிறுத்துவது நல்லது.

எத்தனை வாட் வேண்டும்?

பில் போடவும் கணக்கு எழுதவும் மட்டும் பயன்படும் கம்ப்யூட்டர், சாதாரண வேலையில் 30 முதல் 60 வாட் வரைதான் இழுக்கும். முழு வேகத்தில் ஓடினாலும் பெரும்பாலும் 100 வாட்டை ஒட்டியே இருக்கும். மானிட்டருக்குத் தனி மின் இணைப்பு உண்டு. பில் அடிக்கும் தெர்மல் பிரின்டருக்குத் தனி அடாப்டர் உண்டு. யு.எஸ்.பி. வழியாக இயங்கும் பார்கோடு ஸ்கேனர் இழுப்பது இரண்டரை வாட்டுக்கு மேற்படாது. எனவே விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும் தேவைப்படும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கடைக் கம்ப்யூட்டருக்கு, உண்மையான 300 அல்லது 400 வாட் தாராளம். 750 வாட் வாங்கச் சொல்பவர் நம் பணத்தைச் செலவழிக்கப் பார்க்கிறார்.

‘உண்மையான’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மூட்டையின் மேல் 50 கிலோ என்று அச்சடித்திருந்தாலும் தராசில் வைத்துப் பார்ப்பவர்தானே வியாபாரி! எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தராசு அதன் பக்கத்தில் ஒட்டியுள்ள லேபிள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இக்காலக் கம்ப்யூட்டரில் பிராசசர் முதல் மின்விசிறி வரை பெரும்பகுதி லோடு 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 192 வாட். அதாவது 450 வாட் என்று விற்கப்படும் பெட்டி நமக்குப் பயன்படும் விதத்தில் தருவது 200 வாட்டுக்கும் குறைவு. 450 வாட் என்பதற்கு 12 வோல்ட்டில் 35 ஆம்பியர் இருந்தால் அது 420 வாட், நம்பி வாங்கலாம். ஆம்பியர் கட்டமே இல்லாத லேபிள் ஒட்டிய பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, எந்த வெப்பநிலையில் அந்த வாட் கிடைக்கும் என்பது. நல்ல கம்பெனிகள் 40 அல்லது 50 டிகிரி செல்சியசில் முழு வாட் தரும் என்று குறிப்பிடுவார்கள். 25 டிகிரியில் மட்டும் கணக்கிட்டது, அக்கினி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கல்லா மேசைக்குள் அடைபட்டால் அவ்வளவு தராது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் பொதுவான கணக்கு.

தங்கம், வெண்கலம் என்றால் என்ன?

பெட்டியின் மேல் 80 பிளஸ் என்ற முத்திரையும், அதற்கருகில் பிரான்ஸ், கோல்டு போன்ற பெயர்களும் இருக்கும். இது 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய சான்று முறை. நாம் இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை சூடாக வீணாகிறது என்பதை இது சொல்கிறது. அமெரிக்க 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் சாதாரண 80 பிளஸ் 80 சதவீதமும், பிரான்ஸ் 85 சதவீதமும், கோல்டு 90 சதவீதமும் தர வேண்டும்.

இதில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்ப்யூட்டர் 60 வாட் கேட்கிறது. 75 சதவீதம் தரும் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். அதற்கு 80 வாட் இழுக்கும். 85 சதவீதம் தருவது சுமார் 71 வாட் இழுக்கும். மிச்சம் 9 வாட். நாளைக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 27 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 270 ரூபாய்தான். ஆகவே கரண்ட் பில்லை மட்டும் நினைத்துக் கோல்டு வாங்குவது கட்டுப்படியாகாது. ஆனால் இந்தச் சான்று பெற்ற பெட்டிகளில் உள்பாகங்கள் ஓரளவு தரமாக இருக்கும் என்பதால், சாதாரண 80 பிளஸ் அல்லது பிரான்ஸ் வாங்குவது அறிவுடைமை. கூடவே ஓவர் வோல்டேஜ், ஓவர் லோடு, ஷார்ட் சர்க்யூட் ஆகிய மூன்று பாதுகாப்புகளும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு இல்லாத எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது தனியாகப் போகாது. மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

டிஸ்க் போனால் கணக்கு போயிற்று. ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பி ஆறு வருடக் கணக்கை வைப்பது, ஓட்டைக் கோணியில் சர்க்கரை கட்டுவதற்குச் சமம்.

கடற்காற்றும் தூசியும்

நம் பகுதிக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். தூசியோடு சேர்ந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்பலகையில் படிந்தால், ஈரப்பதம் மிகுந்த நாட்களில் அந்தப் படலத்தின் வழியே மின்சாரம் கசியும். இணைப்புகள் பச்சை பூத்து அரிக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இன்னொரு பக்கம். மளிகை மண்டி என்றால் மிளகாய்த் தூள், மாவு, தவிட்டுத் தூசியும் சேரும். மின்விசிறி இவை அனைத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதுகருவி கொண்டு தூசி எடுக்க வேண்டும். அப்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். மின்விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். கடைப் பையனிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து ‘திறந்து துடை’ என்று சொல்வது உயிருக்கு ஆபத்து.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைப்பது நம் வழக்கம். சந்தனம் குங்குமத்தைப் பெட்டியின் முன்பக்கத்தில் வைக்கலாம். காற்றுத் துளைகளின் மேல் வைக்கக் கூடாது. சாம்பிராணி காட்டும் நேரத்தில் கம்ப்யூட்டரை நிறுத்தி வைக்கவும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக வரும் பண்டிகை என்பதால், ஆண்டுச் சோதனைக்கு அதுவே ஏற்ற நேரம்.

எர்த் இல்லாத பிளக் பாயின்ட்

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கிறது என்று பல கடைகளில் சொல்லக் கேட்கிறோம். காரணம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் உள்ள பில்டர், சிறிதளவு மின்சாரத்தை எர்த் ஒயருக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டது. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் இரும்பிலேயே நிற்கும். அது மிகச் சிறிய மின்சாரம்தான். ஆனால் எர்த் இல்லை என்பதை அது நமக்கு அறிவிக்கிறது. நாளை உள்ளே ஒரு ஒயர் உரசி இரும்பில் பட்டால், 230 வோல்ட்டும் பெட்டியில் இருக்கும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று பில் போடும் பையனுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் பாயின்ட்டில் செருகும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைச் சோதிக்க வேண்டும். உப்புக் காற்றில் எர்த் கம்பியின் முனை அரித்துப்போவது நம் பகுதியில் சாதாரணம். கடையின் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது உயிர்காப்பு.

நியூட்ரல் அறுந்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். த்ரீ பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வரவேண்டிய பாயின்ட்டில் 400 வோல்ட் வரையும் ஏறலாம். எவ்வளவு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இதைத் தாங்காது. வோல்டேஜ் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் கட்-ஆஃப் ஒன்றை மெயினில் போட்டால் கடையிலுள்ள பிரிட்ஜ், தராசு, கேமரா எல்லாம் சேர்ந்து பிழைக்கும்.

யு.பி.எஸ்., இன்வர்ட்டர்

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது 600 வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர், ஒரு தெர்மல் பிரின்டருக்கு அது போதும். பில்லை முடித்து, கணக்கைச் சேமித்து, ஒழுங்காக நிறுத்தக் கால் மணி நேரம் அளவுக்குத் தாங்கும். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் செருகக் கூடாது. அதன் ஹீட்டர் ஒரே இழுப்பில் யு.பி.எஸ்.ஸைப் படுக்க வைத்துவிடும். பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. அதன்பிறகு யு.பி.எஸ். விளக்கு எரியும், மின்சாரம் போனால் கம்ப்யூட்டரும் போகும்.

விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட இன்வர்ட்டரிலேயே கம்ப்யூட்டரையும் இணைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் நின்ற பிறகு முழு லோடிலும் சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். பல இன்வர்ட்டர்கள் சாதாரண முறையில் மாறிக்கொள்ள அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் விளக்கு ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. இன்வர்ட்டரில் யு.பி.எஸ். என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அந்தப் பக்கம் மாற்றி வைத்தால் பெரும்பாலும் இத்தொல்லை தீரும். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ். சில சமயம் சதுர அலை இன்வர்ட்டரில் சரிப்படாது. சைன் வேவ் வகையே ஏற்றது.

ஒயர்களை ஒழுங்குபடுத்துதல்

ஒயர்களைக் கட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. குவிந்து கிடக்கும் ஒயர் காற்றோட்டத்தை மறிக்கும். தூசியைப் பிடித்து வைக்கும். மின்விசிறிக்குள் விழுந்து அதை நிறுத்தும். எலிக்கும் கரப்பானுக்கும் குடியிருப்பாகும். பழுது வந்தால் எது எங்கே போகிறது என்று தெரியாமல் மெக்கானிக் ஒரு மணி நேரம் தேடுவார். அந்த நேரத்துக்கும் நாம்தான் கூலி தருகிறோம்.

கேபினெட்டுக்கு உள்ளே, பயன்படாத ஒயர்களை மடித்து டிஸ்க் வைக்கும் காலி அறையில் செருகிக் கட்டலாம். மதர்போர்டுக்குப் பின்னால் இடம் உள்ள கேபினெட் என்றால் அந்த வழியே கொண்டுபோகலாம். இழுத்து விறைப்பாகக் கட்டக் கூடாது; இணைப்பு தளர்ந்து சூடாகும். ரப்பர் பேண்ட் போடவே வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டை அல்லது ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டையே நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள் முக்கியமானவை. முதலாவது, பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து சாட்டா டிஸ்க்குக்கு மாற்றித் தரும் அடாப்டர்களில், ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாகச் செய்யப்பட்டவை உள்ளே உரசித் தீப்பிடித்ததுண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே சாட்டா இணைப்பு போதுமான எண்ணிக்கையில் இருக்கும்படி பார்த்து வாங்கினால் அடாப்டரே தேவைப்படாது. இரண்டாவது, வேண்டிய ஒயரை மட்டும் செருகிக்கொள்ளும் மாடுலர் வகை வாங்கியவர்கள், பழைய பெட்டியின் ஒயரைப் புதிய பெட்டியில் செருகக் கூடாது. முனை ஒன்றுபோல் பொருந்தும். ஆனால் உள்ளே 12 வோல்ட், 5 வோல்ட் வரும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்விட்ச் போட்ட கணத்தில் டிஸ்க் போய்விடும்.

கேபினெட்டுக்கு வெளியே, மின்சார ஒயர்களை ஒரு கட்டாகவும், நெட்வொர்க், பிரின்டர், ஸ்கேனர் ஒயர்களை இன்னொரு கட்டாகவும் பிரித்து, மேசையின் பின்புறம் பி.வி.சி. கேசிங்கில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதியிருந்தால், செல்போன் சார்ஜ் போட இடம் தேடும் பையன் அதைப் பிடுங்க மாட்டான். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்சில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்சைச் செருகாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பவர் கார்டையே பயன்படுத்துங்கள். மெல்லிய செம்பு உள்ள மலிவுக் கார்டு சூடேறி உருகும். பக்கத்தில் சாக்கும் அட்டைப் பெட்டியும் அடுக்கியிருக்கும் கடையில் அது என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தரையில் வைக்காதீர்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் வடசென்னை வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து வந்தது. கேபினெட்டையும் யு.பி.எஸ்.ஸையும் தரையில் வைக்காமல், முந்தைய வெள்ளத்தின் நீர்மட்டக் கறைக்கு மேல் பலகை அடித்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்சைச் சுவரில் திருகுங்கள். தண்ணீர் பட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது கூடாது. உப்பும் எண்ணெய்யும் உள்ளே தங்கியிருக்கும். புதியது போடுவதே வழி. கணக்கின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து, தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் எல்லாவற்றுக்கும் மேலான காப்பு.

பழுதின் அறிகுறிகள்

பிரின்ட் கொடுக்கும்போது அல்லது லோடு ஏறும்போது ரீஸ்டார்ட் ஆவது, காலையில் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கிளம்புவது, கருகல் வாடை, மின்விசிறி கரகரப்பது ஆகியவை எஸ்.எம்.பி.எஸ். பக்கம் விரல் காட்டும். மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும்போது 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். தேதியும் நேரமும் மட்டும் தவறிப்போனால் அது பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி; அதற்காக எஸ்.எம்.பி.எஸ். மாற்றச் சொன்னால் யோசிக்கவும்.

வாங்கப் போகும்போது

விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறினால், அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். போகும் முன் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் லேபிளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெல், ஹெச்.பி., லெனோவா போன்ற கம்பெனிகளின் பல மாடல்களில், குறிப்பாக இரண்டாம் கையாக வாங்கிய சிறிய பெட்டிகளில், பொதுவான ஏ.டி.எக்ஸ். பொருந்தாது, அவற்றுக்கு அந்தந்த மாடலுக்குரியதே வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை இவை:

1. 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?
2. 80 பிளஸ் முத்திரை உண்டா? எந்த வெப்பநிலையில் முழு வாட்?
3. மூன்று பாதுகாப்புகளும் உண்டா?
4. சாட்டா இணைப்பு எத்தனை? ஒயர் நீளம் நம் கேபினெட்டுக்குப் போதுமா?
5. பின்புறம் 115/230 என்ற சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், அது 230-இல் உள்ளதா? 115-இல் வைத்து நம் மின்சாரம் கொடுத்தால் வெடித்துவிடும்.
6. வாரண்டி எத்தனை ஆண்டு? சர்வீஸ் சென்டர் சென்னையில் உண்டா?
7. நம் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் தருவாரா?

கடைசிக் கேள்வி நமக்கு முக்கியம். இதற்கு வரி 18 சதவீதம். கடைத் தொழிலுக்காகச் சரியான பில்லுடன் வாங்கினால், ஒழுங்கு முறைப்படி வரி செலுத்துபவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் பில் இல்லாமல் வாரண்டியும் இல்லை என்பதால் அவர்களும் பில் கேட்டே வாங்க வேண்டும்.

இந்த மழைக்காலம் தொடங்குமுன் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தம் கடையில் எர்த், எஸ்.எம்.பி.எஸ். லேபிள், யு.பி.எஸ். பேட்டரி, தரையில் கிடக்கும் ஒயர் ஆகிய நான்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதன் முன்னால் அமர்ந்து பில் போடுகிறவர் நம்மை நம்பி வந்த ஒரு வீட்டுப் பிள்ளை.